மே சலோங்கில் எடுத்த படம்

கேகாலை ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்காவை வெளியே வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அக்காவுக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. படித்தவளைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அவள் எண்ணம். நான் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞர். அவள் யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவள். எங்கள் அம்மா போனபோது எனக்கு நாலு வயது. அன்றிலிருந்து என்னைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, அடித்து, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அக்காதான்.

டாக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கணையத்தில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. மூன்று மாதம் இருக்கலாம், நாலு மாதமும் இருக்கலாம். இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், உங்களால் முடியாவிட்டால் நான் சொல்கிறேன் என்றார். நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து வந்தேன்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"கேஸ்ட்ரிக்காம். காரம் சாப்பிடக் கூடாதாம்."

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று அலுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் இரண்டு வடை வாங்கிச் சம்பலோடு தின்றாள். நான் தடுக்கவில்லை.

இப்படிப் பொய் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் அப்பாவுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னோம். நெஞ்சில் கட்டி என்று தெரிந்த அன்று அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. பதினோராம் நாள் தூக்கினோம். அதிலிருந்து, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் யாருக்குப் பெரிய வியாதி வந்தாலும் வீட்டாருக்குத் தெரியும், பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், கோயில் பூசாரிக்கும் தெரியும். படுத்திருக்கிறவர் மட்டும் 'வெறும் கேஸ்தான்' என்று சொல்லிக்கொண்டு சோடா குடிப்பார். அதை நாங்கள் பாசம் என்று நினைத்திருந்தோம்.

நான் அதிலும் ஒரு படி மேலே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒருவருக்குச் சொன்னால் லயம் முழுக்கப் பரவி அக்காவின் காதுக்கே வந்துவிடும் என்று பயம். அவளுக்கு ஒரே மகள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அக்காவின் புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் தாய்க்கு மகள், மகளுக்குத் தாய். அந்தப் பெண்ணுக்கும் நான் சொல்லவில்லை. அந்நிய வீட்டுச் சமையலறையில் நின்று தனியாக அழுவாளே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சொல்வதற்குப் பதிலாக அக்காவைத் தாய்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மகளை வழியனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போன நாளிலிருந்து அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. மகள் உள்ளே போனதும் கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு ஒரு நாளைக்குப் போய்ப் பாக்கணும்டி" என்பாள். தாய்லாந்துக்கு எங்களுக்கு விசா வேண்டாம் என்றாகியிருந்தது. என் காரியாலயத்துப் பெண்கள் இரண்டு பேர் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு போய் வந்து கதை கதையாகச் சொல்லியிருந்தார்கள். டாக்டரிடம் கேட்டேன். நடக்க முடிகிற மட்டும் போகட்டும், வலிக்கு மாத்திரை தருகிறேன் என்றார். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா என்றும் கேட்டார். தலையாட்டினேன். அவளுக்கு ஒரு பெரிய காரியம் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்குத் தலைக்கேறியிருந்தது.

கார்த்திகையில் கிளம்பினோம். பதினொரு நாள். ஆளுக்கொரு முதுகுப்பை. அக்காவினுடையது மகளின் பழைய பள்ளிக்கூடப் பை. அதில் அரைக் கிலோ கருவாடும் ஒரு போத்தல் மாசிச் சம்பலும் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாள்.

பேங்கொக்கில் நாங்கள் தங்கிய இடத்தில் ஓர் அறைக்கு எட்டுக் கட்டில், மேலும் கீழுமாக. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்களைவிடப் பெரிய பைகளோடு வந்து விழுந்தார்கள். "இதுங்களுக்கெல்லாம் வீடு வாசல் கெடையாதா? எதுக்கு இப்புடிச் சுமந்துக்கிட்டுத் திரியுதுங்க?" என்று அக்கா உண்மையாகவே கவலைப்பட்டாள். மறுநாள் காலை அவளே பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "நானும் வெள்ளக்காரிதான் இப்ப" என்றாள்.

தமிழ் தெரியாதவர் யாராக இருந்தாலும் சிங்களத்தில் பேசுவதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். அக்காவுக்கு அது தாய்லாந்திலும் மாறவில்லை. ஆற்றங்கரைச் சந்தையில் பழம் விற்ற பெண்ணிடம், "மேக்க கீயத நங்கி?" என்று விலை கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னாள். அக்கா மறுபடி சிங்களத்தில் பேரம் பேசினாள். கடைசியில் எப்படியோ இரண்டு பேருக்கும் விலை படிந்து, அக்கா கையில் ஒரு பை ரம்புட்டானோடு வந்தாள். "நல்ல புள்ள. ஆனா சிங்களம்தான் சரியா வரல" என்றாள். நான் அழுதுவிடுகிற அளவுக்குச் சிரித்தேன். அவள் அந்தப் பழத்தில் இரண்டுக்கு மேல் தின்னவில்லை என்பதைச் சாயந்தரம்தான் கவனித்தேன்.

அயுத்தயாவில் இடிந்த கோயில்களைப் பார்த்தோம். வரிசையாகப் புத்தர் சிலைகள், பலவற்றுக்குத் தலை இல்லை. அக்கா எங்கள் ஊர்ப் பன்சலையில் புத்தரைக் கும்பிடுவதுபோலவே ஒவ்வொன்றுக்கும் கும்பிட்டு வந்தாள். ஒரு மரத்தின் வேர்களுக்குள் ஒரு புத்தர் தலை மட்டும் சிக்கி இருக்கிறது, உலகமே வந்து அதைப் படம் எடுக்கிறது. அக்கா தலையைப் பார்க்காமல் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வயசான மரம். நல்லா இருக்கு. யாரும் கத்தி வைக்கல" என்றாள். பிறகு வெயிலில் நிற்க முடியவில்லை என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எழுந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

சியாங் மாய்க்குப் பகல் ரயிலில் போனோம். அங்கே நகரத்தைச் சுற்றி ஓர் அகழி. அதன் கரையில் நடந்துகொண்டிருந்தபோது பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டாள். வயிற்றில் இருக்கும் வலி முதுகுக்குப் போகும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"முதுகுல படும்போது குத்துதுடி. கேஸ் முதுகுக்குப் போயிருச்சி போல."

"நான் தூக்குறேன் குடு."

"ரெண்டையும் நீ தூக்குனா மத்தவங்க பாத்து என்ன நினைப்பாங்க?"

ஒரு துண்டை எடுத்துப் பையின் இரண்டு வாரிலும் முடிந்து, தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்குவதுபோல் தலையில் மாட்டிக்கொண்டாள். பை முதுகைத் தொடாமல் கொஞ்சம் தள்ளித் தொங்கியது. ரப்பருக்கு மாறுவதற்கு முன் அவள் ஏழு வருடம் கொழுந்து எடுத்தவள். அப்படியே அந்த நகரம் முழுக்க நடந்தாள். கோப்பிக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சியாங் ராய்க்கு வேனில் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். கடைக்குப் பின்னால் ரப்பர் மரங்கள். அக்கா சாப்பாட்டை விட்டுவிட்டு நேராக அங்கே போனாள். நானும் பின்னால் போனேன். பால் வெட்டுகிறவள் மரத்தைப் பார்த்தால் இலையைப் பார்க்க மாட்டாள், பட்டையைத்தான் பார்ப்பாள். எவ்வளவு வெட்டியாயிற்று, இன்னும் எவ்வளவு மிச்சம். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவுக்குத்தான் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அகலமாகப் போனால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். இருபது வருடத்துக்கு வர வேண்டிய பட்டையை மிச்சம் பிடித்துப் பிடித்து வெட்டுவதுதான் அந்த வேலை.

அந்த மரங்களில் மிச்சம் என்று ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். ஆள் கைக்கு எட்டாத உயரத்திலும் வெட்டு இருந்தது. மோசமாக வெட்டியிருக்கிறான் என்று திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"இதெல்லாம் தீரப் போற மரம்" என்றாள். வெட்டுத் தழும்பில் கையை வைத்துத் தடவினாள். "வெட்டுறவனுக்குச் சொல்லிட்டாங்க."

எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைப்பதென்று முடிவானால், சாய்ப்பதற்குப் பல மாதம் முன்னாலேயே மரத்தைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் ஒரு வளையம் போடுவார்கள். காலையில் எல்லோரும் கூடி நிற்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அந்த மரங்கள் நிற்கும் மலையின் நம்பரைச் சொல்லி அறிவிப்பார். அன்றிலிருந்து அந்த மரத்தில் எங்கே வேண்டுமானாலும் கத்தி வைக்கலாம்.

"பாவமா இருக்காதா அக்கா?" என்றேன்.

"என்ன பாவம்? எப்புடியும் போற மரம். சொல்லாம விட்டாத்தான் பாவம். வளையம் போட்டுட்டா கை வேற மாதிரி வரும்டி. நேத்து வரைக்கும் நாளைக்கு நாளைக்குன்னு மிச்சம் வச்சதையெல்லாம் எடுத்துக்கலாம்ல?"

அவள் தெரிந்துதான் பேசுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் ரப்பர் மரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். அந்த மரங்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். வாயைக்கூடத் திறந்தேன். வேன்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு அது போதுமான சாக்காக இருந்தது.

மே சலோங் ஒரு மலை. மேலே ஊர், சுற்றிலும் தேயிலை. சிவப்பு வண்டி ஒன்றின் பின்பலகையில் உட்கார்ந்து வளைந்து வளைந்து ஏறினோம். பனி விலகியதும் அக்கா வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். "அடியேய், இது நம்ம எடமாட்டம் இருக்கே! இதுக்கா இம்புட்டுத் தூரம் ஏரோப்ளேன்ல வந்தோம்?" என்று கத்தினாள். மலைச்சாதிப் பெண்கள், தலையில் வெள்ளிக் காசு தைத்த தொப்பி போட்டவர்கள், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கூடையும் நெற்றியில் மாட்டிய வாரில்தான் தொங்கியது. ஒரு வயதான பெண் அக்காவின் தலையில் தொங்கிய பள்ளிக்கூடப் பையைப் பார்த்துவிட்டு, தன் வாரைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். அக்கா சிங்களத்தில் சுகம் விசாரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் திருப்பிப் பார்த்தார்கள், விரல்களில் காய்ப்பு இருக்கிறதா என்று.

சரிவுக்கு மேலே ஒரு தேநீர்க்கடை. பலகையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் குவைத்திலிருந்து மகள் அழைத்தாள். கடையில் வைஃபை இருந்ததால் குரல் தெளிவாக இருந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, மெடம் மார்கழி மாசம் லீவு தர்றேன்னு சொல்றாங்க. ஒரு மாசம். வந்துட்டுத் திரும்பப் போகணும். இல்லாட்டி லீவு எடுக்காம காண்ட்ராக்ட முடிச்சிட்டு சித்திரையில ஒரேயடியா வந்துரலாம். நான் என்னம்மா செய்ய? எனக்கு ஒங்களப் பாக்கணும் போலவே இருக்கு."

அக்கா சிரித்தாள். "இப்ப எதுக்குடி ஓடி வர்ற? நான் என்ன செத்தா போயிட்டேன்? சித்திரையிலேயே வா. வருசப் பொறப்புக்கு எல்லாரும் ஒன்னா இருப்போம். நான் இப்ப எங்க இருக்கேன்னு சொல்லு பாப்போம்!" ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த மலையை, கொழுந்துக்காரிகளை, தலையில்லாத புத்தர்களை எல்லாம் சொல்லத் தொடங்கினாள்.

அடுத்த பலகையில்கூட நான் இல்லை, அவள் பக்கத்திலேயே இருந்தேன். எங்கள் முழங்கால்கள் முட்டிக்கொண்டிருந்தன. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியதுகூட இல்லை. 'வரச் சொல்லேன் அக்கா' என்று மூன்று வார்த்தை போதும். ஏன் என்று கேட்பாளே, அப்போது முகத்தை எங்கே வைப்பது என்று பயந்தேன். அது ஒன்றுதான் காரணம், பாசம் கீசம் எல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்டது. கை சும்மா இருக்கவில்லை. அவள் சிரிப்பது அழகாக இருந்ததால் என் போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன்.

ஊர் திரும்பியதும் அவள் ஆறு நாள் வேலைக்குப் போனாள். லயத்தில் ஒரு வீடு விடாமல் ஏரோப்ளேன் கதை சொன்னாள். மார்கழி முடியும்போது சேலை இடுப்பில் நிற்கவில்லை. தைப்பொங்கலுக்கு மறுவாரம் கண் மஞ்சளாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஒரு காலை நேரம், வார்டில் தேநீர் கொடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா குடிக்காமல் கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"கேஸ்ட்ரிக்ல கண்ணு மஞ்சளாகுமாடி?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அப்பாவைப்போல் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் எப்ப சொன்னாரு?" என்றாள்.

"ஐப்பசியில."

விரல்விட்டு எண்ணினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. கார்த்திகை விரலில் நின்றாள்.

"அப்ப, அந்தப் புள்ள வரட்டுமான்னு கேட்டப்ப ஒனக்குத் தெரியும்?"

"தெரியும் அக்கா."

"பக்கத்துலதானே இருந்த?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. எனக்குத் தெரிந்து அவள் என்மேல் அவ்வளவு கோபமாக இருந்ததே இல்லை, ஆனால் கத்துவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. "மரத்துக்குக்கூட வளையம் போட்டுக் காட்டுவாங்களேடி" என்றாள். "தாய்லாந்து யாருக்கு வேணும்? ஒரு மாசம் அவளோட இருந்திருப்பேனே."

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள்: "அவகிட்ட நீதான் சொல்லணும். அம்மா ஒன்ன வேணாம்னு சொல்லல, தெரியாமச் சொல்லிட்டான்னு. நீதான் சொல்லணும், வேற யாரும் இல்ல."

அன்றே குவைத்துக்குப் பேசினேன். அம்மாவுக்கு நோய் கடுமை, உடனே வா என்று மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபடியும் தள்ளிப்போட்டேன். மகளின் பாஸ்போட் வீட்டுக்காரர்களிடம் இருந்தது, அவர்கள் வெளியூர் போயிருந்தார்கள். அக்கா ஐந்தாம் நாள் போனாள். மகளுக்காக உடலை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தோம். அடக்கம் முடிந்த மறுநாள்தான் மகள் வந்து இறங்கினாள்.

காம்பராவில் தாயின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் போய்விட்டார்கள். ரப்பர் இலை உதிர்கிற காலம், கூரைத் தகரத்தில் சருகு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் மார்கழியிலேயே வர்றேன்னுதான் சொன்னேன் சின்னம்மா. அம்மாதான் வேணாம்னுட்டாங்க. என்னமோ, என்னைப் பாக்கணும்னு அவங்களுக்குத் தோணலையோ என்னமோ."

சொன்னேன். கேகாலை டாக்டரிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னேன். முடித்ததும் அவள் கையை நீட்டி என் போனைக் கேட்டாள். தாய்லாந்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். பழக்காரி, ரயில், தலையில்லாத புத்தர். தேயிலை மலைப் படம் வந்ததும் விரலை நிறுத்தினாள். அக்கா காதில் போனோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் என் தேநீர்க் கோப்பை.

"இது எங்கிட்ட பேசினப்ப எடுத்ததா?"

"ஆமா."

படத்தை விரலால் விரித்துத் தாயின் முகத்தை மட்டும் பார்த்தாள். பிறகு அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, என்னுடையதிலிருந்து அழித்துவிட்டு, போனை என் மடியில் வைத்தாள்.